தங்க மச்சம்

ஜனவரி 6, திங்கள்

பனி. ஒன்பது மணியாகியும் எதிர்வீட்டுக் கூரை தெரியவில்லை. கழுவிப்போட்ட துணி நேற்றைய ஈரத்தோடே தொங்குகிறது.

ரோல்ஸ், கட்லட் மட்டும் போட்டேன். பெட்டிஸ் இல்லை. ஸ்டேஷன் பக்கத்துக் கடைகள் இரண்டுக்கும் சொல்லியாயிற்று. கையில் எண்ணெய் தெறித்த இடம் கொப்புளம் உடைந்து சீழ் பிடித்துவிட்டது. இந்தக் கையோடு இவ்வளவு போட்டதே பெரிய காரியம். என் வீட்டுக்காரர் விடவில்லை. "மாத்தளைக்குப் போய் டொக்டர்கிட்ட காட்டிட்டு வா. உன்ட கை போனா ரோல்ஸ் யாரு சுத்துற? நான் சுத்தினா கடைக்காரன் அடிப்பான்." அக்கறையாம்!

புது லேடி டொக்டர். சின்ன வயது, சிங்களத்தில்தான் பேச்சு. கையைப் பார்த்தார், துடைத்தார், மருந்து எழுதினார். எழுதி முடித்தும் என்னை அனுப்பவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுக்கு மேல் இருப்பது எவ்வளவு காலமாக என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு. தங்க மச்சத்தைக் கேட்கிறார். இமைக்கு மேல், மூக்குப் பக்கமாக, பருப்பு அளவில் மஞ்சளாய்த் தடித்திருப்பது. பெருமையாகவே சொன்னேன். இது எங்கள் குடும்பத்து ராசி மிஸ், வாப்பாவுக்கு இருந்தது, கூடப்பிறந்த அண்ணன், நானாவுக்கு இரண்டு கண்ணிலும் இருக்கிறது, எனக்கு முப்பது தாண்டித்தான் வந்தது. உக்குவளையில் யாரைக் கேட்டாலும் தங்க மச்சக்காரர் வீடு என்று காட்டுவார்கள். பல்லேபொலயில் இருந்து மிளகு கொண்டுவருபவர்கள் சீசனின் முதல் சாக்கை நானாவின் கடையில்தான் அவிழ்ப்பார்கள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவிழ்த்தால் வருஷம் முழுக்க நல்ல விலை போகுமாம்.

அவர் சிரிக்கவில்லை. வாப்பா இருக்கிறாரா? இல்லை. எத்தனை வயதில் போனார்? நாற்பத்தெட்டு. எப்படி?

மிளகு நிறுத்துக்கொண்டிருந்தார். நெஞ்சுக்குள் காஸ், வாயு என்று சொல்லிச் சாக்கின் மேல் உட்கார்ந்தார். இஞ்சி போட்ட பிளேன்டீ கேட்டார். டீ வரும்போது ஆள் இல்லை. கண்ணூறு என்றுதான் உம்மா சொல்வார், அந்த வருஷம் வியாபாரம் அப்படி. அதை டொக்டரிடம் சொல்ல வாய் வந்து, முழுங்கிவிட்டேன்.

செருப்பைக் கழற்றச் சொன்னார். குதிகாலுக்கு மேல் ஓடும் நரம்பை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் தடவினார். எதற்கென்று விளங்கவில்லை. இரத்தம் கொடுக்கத் துண்டு எழுதினார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் இல்லை, தண்ணீர் மட்டும்.

பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியில் என் முகம். பக்கத்தில் இருந்த பெண் என்ன நினைத்தாளோ, வீடு வரை என்னையே நான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 8, புதன்

காலையில் வெயில், பின்னேரம் மழை. ரிப்போட் வந்தது.

கொலஸ்ட்ரோல். (இனி 'கொ.' என்றே எழுதுகிறேன். முழுசாக எழுதப்போனால் முதல் இரண்டு எழுத்தே நன்றாக இல்லை.) கெட்ட கொ. 268. நூற்றுக்குக் கீழே இருந்தால் நல்லதாம். டொக்டர் தாளைத் திருப்பிப்போட்டுப் படம் கீறிக் காட்டினார். இரத்தத்தில் ஓடும் இந்தக் கொழுப்பை ஈரல் இழுத்து எடுக்க வேண்டும். சில குடும்பங்களில் பிறக்கும்போதே அந்த வேலை குறைவு. எடுக்காதது இரத்தத்திலேயே சுற்றும், சுற்றிச் சுற்றி எங்கேயாவது படியும். குதிகால் நரம்பில் படியும், அது தடிக்கும். கண் இமையில் படியும்.

தங்க மச்சம் என்பது கொழுப்பு.

எல்லாருக்கும் அப்படியில்லை, கொ. சரியாக இருப்பவர்களுக்கும் இமையில் இப்படி வருவதுண்டு என்றார். உங்களுக்கு நம்பரும் இருக்கிறது, குதிகாலும் இருக்கிறது, வாப்பாவின் வயதும் இருக்கிறது என்றார். இமையில் படிவது கண்ணுக்குத் தெரிகிறது. இதயக் குழாயில் படிவது தெரியாது. "காஸ் என்று சொன்னாரே, அது காஸ் இல்லாமல் இருந்திருக்கலாம்." மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் காதுக்குள் பொரியல் சத்தம் மாதிரி கேட்டது.

நான் ஈ.சீ.ஜீ. எடுத்தேன். இப்போதைக்குப் பிழை இல்லையாம். அல்ஹம்துலில்லாஹ்.

நிறுத்த: நெய். மாட்டிறைச்சிக் கொழுப்பு, ஈரல். கட்டித் தேங்காய்ப்பால். பொரித்தது (நானே பொரிக்கிறேன், நானே நிறுத்தணுமாம்). வட்டிலப்பம். பெருநாள் இனிப்பாச்சே, வட்டிலப்பமுமா மிஸ் என்றேன். அதற்கு மட்டும் சிரித்தார்.

சாப்பிட: மீன், பயறு, கடலை, கீரை, குரக்கன், ஓட்ஸ்.

நடக்க: அரை மணி நேரம். தினமும்.

குளிசை: இரவில் ஒன்று. உடம்பு கடுமையாக உளைந்தால் வந்து சொல்ல. ரிப்போட் குறைந்தாலும் நிறுத்தக் கூடாது. ஏன் என்று கேட்டேன். குறைத்ததே குளிசைதான், விட்டால் திரும்ப ஏறும். சாப்பாட்டைக் குறைத்தால் மட்டும் போதாதா என்றும் கேட்டேன். மற்றவர்களுக்குச் சிலவேளை போதும், உங்களுக்குப் போதாது, இது உங்களோடு பிறந்தது என்றார்.

கடைசியாக: கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் இரத்தம் கொடுக்க வேண்டும். பிள்ளைகளும். அவர்களுக்கும் இது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

நானாவுக்கு நாற்பத்தேழு.

பயம். வேறு சொல் தேடவில்லை. மாவு பிசைந்துகொண்டே நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிறேன், அபாயா முழுக்க மா.

ஜனவரி 10, வெள்ளி

மேகம் மூடிக்கொண்டு, பெய்யவும் இல்லை.

வெள்ளிக்கிழமை என்றால் உம்மாவுக்கு ஒரு வேலை உண்டு. விடிந்ததும் என் மகள் சப்னாவை ஜன்னலடிக்குக் கூப்பிடுவார். நாடியைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, இமையை விரலால் தடவிப் பார்ப்பார். சப்னாவுக்குப் பதினொரு வயது. ஸ்கூல் லீவு, நித்திரைக் குழப்பத்தில் முகம் சுளித்துக்கொண்டு நிற்கும்.

"இன்னும் வரல்லியே புள்ளைக்கு. வாப்பாட பக்கம் போயிட்டுதோ என்னவோ."

பிறகு என்னிடம் வந்து, பெருவிரலால் என் மச்சத்தை ஒரு தரம் அமர்த்தி, பிஸ்மி சொல்லுவார். அதற்குப் பிறகுதான் முதல் தட்டு வெளியே போகும். என் கலியாணத்துக்கு முன் வாப்பாவுக்கு இப்படித்தான் செய்து அனுப்புவார், கடைக்கு. இன்றைக்கு அந்த விரல் பட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. உம்மா கவனிக்கவில்லை. அவரிடம் கைக் கொப்புளத்துக்கு மட்டும்தான் மருந்து என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜும்ஆ முடிந்து நானாவின் கடைக்குப் போனேன். கராம்பு காய்ந்து வந்த நேரம், கடை முழுக்க அந்த வாசம். நானா தராசுப் பக்கம் நின்றான். முதலில் காலைத்தான் பார்த்தேன். சப்பாத்தின் பின்பக்கத்தை மிதித்துச் செருப்பு மாதிரித்தான் போடுவான், என்றைக்கும். குதிகால் உள்ளே போகாதாம். வாப்பாவின் சப்பாத்தும் அப்படித்தான் பின்னால் நசுங்கிக் கிடக்கும். மௌத்தான பிறகு அதை யாருக்கும் கொடுக்க முடியவில்லை, அவ்வளவு நசுங்கல்.

நானாவின் குதிகால் நரம்பு, கயிறு திரித்து வைத்த மாதிரி. இத்தனை வருஷமும் கண் இருந்தும் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். ஈரல், குழாய், இமை. கேட்டுக்கொண்டே நிறுத்தான், பொதி கட்டினான், காசை வாங்கினான்.

"முடிஞ்சா? தங்கச்சி, டொக்டர்மார் சொல்லுற எல்லாத்தையும் கேட்டா மனிசன் ஒண்டும் திங்கேலாது."

"திங்கிறத விடுங்க நானா. ரத்தம் குடுங்க. அவ்வளவுதான் கேக்கிறேன்."

"எனக்கு என்ன வருத்தம்? சாக்கு தூக்குறேன் தானே?"

"தூக்கிட்டு ஏன் நெஞ்ச தடவுறீங்க?"

"அது காஸ்."

பக்கத்தில் இஞ்சி பிளேன்டீ, கோப்பையில் பாதி. "வாப்பாவும் இதே சாக்குல உக்காந்துதான்..." என்று தொடங்கினேன். முடிக்க விடவில்லை. "வாய மூடு! கடையில வெச்சு என்ன பேச்சு பேசுற?" என்று கத்தினான். பல்லேபொல ஆள் ஒருவர் மிளகுச் சாக்கோடு வாசலில் நின்றார். நானா உடனே முகம் மாறி, சிரித்து, அவரை வரவேற்றான். அவர் நானாவின் கண்களைத் திருப்தியாகப் பார்த்துவிட்டுச் சாக்கின் வாயை அவிழ்த்தார்.

நடந்தே வீட்டுக்கு வந்தேன். அரை மணி நேர நடை கணக்கில் சேர்ந்தது, அது மட்டும்தான் மிச்சம்.

ஜனவரி 13, திங்கள். போயா

மழை. பௌர்ணமி லீவு, கடைகள் இல்லை, ஓடர் இல்லை.

காலையில் ஓட்ஸ். என் வீட்டுக்காரர் கரண்டியில் தூக்கிப் பார்த்தார். "இது என்னது, போஸ்டர் ஒட்டுற பசையா?" சப்னா விழுந்து விழுந்து சிரித்தது. பகலுக்குப் பயறு, கீரை, கிழங்கான் மீன் ஆணம், தேங்காய்ப்பால் தண்ணியாக. "கஞ்சத்தனம் எப்பயிலிருந்து?" என்று உம்மா கேட்டார். தேங்காய் விலை என்று சொல்லித் தப்பினேன். தேங்காய் விற்கிற விலைக்கு உம்மாவும் நம்பிவிட்டார்.

பக்கத்து வீட்டு குசும் அக்காவிடம் மட்டும் கொ. விஷயத்தைச் சொன்னேன். உடனே ஒரு போத்தல் கொண்டுவந்து தந்தார். இஞ்சி, வெள்ளைப்பூடு, தேசிக்காய், வினாகிரி எல்லாம் காய்ச்சித் தேன் ஊற்றியது. குளிசை ஈரலைத் தின்னும், அதை விட்டுப்போட்டு இதைக் குடி, அடைப்பு எல்லாம் கழுவிக்கொண்டு போகும் என்றார். ஆசையாகத் தந்தவரிடம் மறுக்க முடியுமா? ஒரு கரண்டி குடித்தேன். நெஞ்சு எரிந்தது. அது போத்தலின் எரிவா, மற்றதா என்று தெரியாமல் குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கலிமாகூடச் சொல்லிவிட்டேன். பிறகு ஒரு ஏப்பம் வந்தது. வெட்கம்.

போத்தல் அலுமாரியின் மேல் தட்டில். குளிசையை விடவில்லை. ஆனால் அதை முழுங்கும்போதும் பயம்தான், முழுங்காவிட்டாலும் பயம்தான்.

இன்னொன்று. நான் பொரிக்கிற ரோல்ஸை இந்த உக்குவளையில் எத்தனை பேர் தின்கிறார்கள்? அவர்களுக்கெல்லாம் என்ன ஓடுகிறதோ? எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்குவதை இன்றோடு நிறுத்துகிறேன். அந்தளவுதான் இப்போதைக்கு என்னால் முடியும்.

நேற்று ஞாயிறு நானா பகல் சாப்பாட்டுக்கு வரவில்லை. வராமல் இருக்கவே மாட்டான். மச்சிக்கு (நானாவின் மனைவி) கோல் எடுத்தேன். "காலையிலேயே கண்டிக்குப் போனாரு. என்னத்துக்குன்னு சொல்லல்ல. தனியத்தான் போனாரு." கண்டியில் ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை? சந்தோஷம் வந்தது. இரத்தம் கொடுக்கத்தான் போயிருப்பான், கௌரவத்துக்குச் சொல்லாமல் போகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி 15, புதன்

வெயில். மாவு, முட்டை, கருவப்பிலை வாங்க.

பத்து மணிக்கு நானா வந்தான். கறுப்புக் கண்ணாடி. கையில் கோழி ஒன்று, சமாதானத்துக்கு. வந்து கதிரையில் உட்கார்ந்து, என்னைக் கூப்பிட்டு, கண்ணாடியைக் கழற்றினான்.

இரண்டு இமையிலும் மச்சம் இல்லை. அது இருந்த இடத்தில் சுட்ட பொருக்கு, சுற்றிவரச் சிவப்பு.

"போச்சு. கண்டியில ஒரு இடத்துல சுட்டு எடுத்துட்டேன். இப்ப உனக்கு சந்தோசமா?"

கோழியை வாங்கி மேசையில் வைத்தேன்.

"ரத்தம் குடுத்தீங்களா?"

"அதான் எடுத்தாச்சே. இனி என்னத்துக்கு ரத்தம்?"

யா அல்லாஹ்! அந்த மச்சத்தை நம்பித்தான் அவன் கடையே நடக்கிறது. அதைப் போய்ச் சுட்டு எடுத்திருக்கிறான் என்றால் எவ்வளவு பயந்திருக்க வேண்டும்? நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நம்பியிருக்கிறான். நம்பிவிட்டுத் தப்பான பக்கம் ஓடியிருக்கிறான். அந்தப் பயத்தை நினைக்காமல் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "உடுப்புல பட்ட எண்ணெய்க் கறைய கழுவிப்போட்டு அடுப்பு நூந்துட்டுது என்றீங்களே நானா! அது வெளியால தெரிஞ்ச துண்டு. உள்ளுக்கு ஓடுறது ஓடிக்கிட்டுத்தான் இரிக்கு!" என்று கத்தினேன்.

உம்மா அறையில் இருந்து வந்துவிட்டார். நானாவின் முகத்தைப் பார்த்தார். கிட்டப் போய்ப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

"யார்டா செஞ்ச இத? என்ட மனிசன்ட முகத்த உன்ட முகத்துல பாத்துக்கிட்டுத் தானே உசிரோட இரிக்கேன்! ராசிய சுட்டுப் போட்டியே மகன்!"

இனி மறைத்து என்ன? சொல்லிவிட்டேன். அவரைக் கட்டிலில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, டொக்டர் கீறிய படத்தைக்கூடக் காட்டினேன். உம்மா படத்தைப் பார்க்கவில்லை, என் இமையைப் பார்த்தார்.

"அப்ப வாப்பாவக் கொண்டுபோனது கண்ணூறு இல்லியா?"

"டொக்டர் அப்படித்தான் நெனக்கிறாங்க உம்மா."

"இதா?"

"இது இல்ல உம்மா. இது வெளியால காட்டினது. காட்டினது நமக்கு விளங்கல்ல."

உம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நானா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். படியில் ஒரு இடத்தில் நின்று, நெஞ்சைத் தடவி, பிறகு நடந்தான். ஜன்னலால் பார்த்தேன். நான் பார்ப்பது அவனுக்குத் தெரியாது. கோழி மேசையிலேயே கிடந்தது. தோலையெல்லாம் உரித்து ஆணம் வைத்தேன், ஒருவரும் சாப்பிடவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

விடிய மழை. பிறகு விட்டது.

உம்மா சப்னாவை ஜன்னலடிக்குக் கூப்பிடவில்லை. என்னையும் தொடவில்லை. தட்டுகள் பிஸ்மி இல்லாமலே போகப்போகின்றன என்று, பிஸ்மியை நானே வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். புதன்கிழமையில் இருந்து உம்மா பேச்சு இல்லை, தொழுகைப் பாயிலேயே இருக்கிறார். இருந்திருந்து "எத்தின வருசம்" என்று மட்டும் சொல்கிறார். சொல்லியிருக்கக் கூடாதோ என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. ஒருத்தனைக் காப்பாற்றப்போய் மற்றவரைக் கொன்றுவிட்டேனோ?

ஜும்ஆ முடிந்ததும் திடீரென்று வெள்ளைப் பிடவையோடு வந்து நின்றார். "மருமகன், த்ரீவீல எடுங்க. கடைக்குப் போவணும்." வாப்பா மௌத்தான பிறகு உம்மா அந்தக் கடை வாசலை மிதித்ததே இல்லை. என் வீட்டுக்காரர் ஆட்டோவைக் கிளப்பினார், நானும் ஏறிக்கொண்டேன்.

கடையில் ஆட்கள். உம்மா யாரையும் பார்க்கவில்லை. நேரே தராசடிக்குப் போனார். மிளகுச் சாக்கின் மேல் உட்கார்ந்தார். நானா பதறிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"உம்மா, அதுல உக்காராதீங்க. இங்க வாங்க."

"உன்ட வாப்பா உக்காந்த எடம் இதுதானே? நீ ரத்தம் குடுக்கிறேன்னு சொல்லு மகன். சொன்னாத்தான் எழும்புவேன்."

"உம்மா, ஆக்கள் பாக்கிறாங்க."

"பாக்கட்டும். இத்தின வருசம் முகத்தத்தானே பாத்தாங்க." உம்மா சாக்கை உள்ளங்கையால் தட்டினார். "ஒவ்வொரு நாளும் அதுல வெரல வெச்சு, ராசின்னு சொல்லி, நான்தான் கடைக்கு அனுப்பினேன் அந்த மனிசன. உள்ளுக்கு என்ன இரிக்குன்னு தெரியாம. உன்னையும் அப்படி அனுப்பினேன். இன்னும் ஒருத்தர இந்தச் சாக்குல இருந்து தூக்க என்னால ஏலாது மகன்."

தராசுக்கு முன்னால் நின்ற கிழவர் தொப்பியைக் கழற்றினார். அவர் சிங்களவர், பேச்சு விளங்கியிருக்காது, ஆனாலும் கழற்றினார்.

நானா கண்ணாடியை எடுத்துவிட்டு உம்மாவின் காலடியில் உட்கார்ந்தான். நாற்பத்தேழு வயது ஆம்பிளை, இத்தனை பேருக்கு முன்னால் அழுதான். "பயம் உம்மா. ஊசிக்குப் பயம் இல்ல. உனக்கும் அதுதான்னு சொல்லிடுவாங்களேன்னு பயம். அஞ்சாறு மாசமா நெஞ்சு இறுக்குது. படி ஏறினா இறுக்குது. நின்னா விடுது."

அஞ்சாறு மாசம்! மச்சிக்கும் சொல்லவில்லையாம்.

நாளை சனி. விடிய ஆறரைக்கு லேப். நானே கூட்டிக்கொண்டு போகிறேன். இரவைக்கு அவன் வீட்டிலேயே இருந்து காவல் காக்கப்போகிறேன், எட்டு மணிக்குப் பிறகு ஒரு பிஸ்கட் வாயில் போகாமல்.

ஜனவரி 20, திங்கள்

மூட்டம். ஓடர் எல்லாம் இன்றைக்கு வேண்டாம் என்றேன்.

நானாவின் கெட்ட கொ. 291. இரண்டு இமையும் சுத்தமாக, 291.

ஈ.சீ.ஜீ.யில் வித்தியாசம் இருக்கிறது. டொக்டர் அதைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு டொக்டருக்குக் கோல் எடுத்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று. நானா என் கையைப் பிடித்திருந்தான், சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும்போது நான் அவன் கையைப் பிடிப்பேனே, அப்படி. இறுக்குவது காஸ் இல்லை, இதயத்துக்குப் போகும் குழாய் ஒடுங்கியிருக்கிறது போல, கண்டி பெரியாஸ்பத்திரியில் பார்த்துத்தான் எவ்வளவு என்று சொல்ல முடியும் என்றார். இன்றைக்கே போக வேண்டும். கடிதம் தந்தார். நேரத்தோடு வந்துவிட்டீர்கள் என்றார். அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நாக்கின் கீழ் வைக்கும் குளிசை ஒன்றும் தந்தார். நானா அதைச் சட்டைப் பையில் போட்டு, பொத்தானைப் பூட்டி, திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தான்.

மச்சத்தைச் சுட்டு எடுத்ததைப் பற்றிக் கேட்டான். அது அழகுக்கு, இரத்தத்தில் ஒரு துளியும் குறையாது என்றார். "எனக்கு இப்ப தெரியும் டொக்டர்" என்றான் பாவம்.

எழும்பும்போது டொக்டர் என்னைப் பார்த்து, உங்கள் மகளுக்கு இன்னும் இரத்தம் எடுக்கவில்லையே என்று கேட்டார். அவளுக்கு மச்சம் இல்லை மிஸ், ஒவ்வொரு வெள்ளியும் உம்மா பார்ப்பார் என்றேன். பிள்ளைகளுக்கு அது வராது, பெரிய ஆளானாலும் சிலருக்கு வரவே வராது, வந்தால் இருக்கிறது என்று சந்தேகப்படலாம், வராவிட்டால் இல்லை என்று சொல்ல முடியாது என்றார். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் வாப்பாவின் வயதுக்கும் அப்பால் எவ்வளவோ காலம் நன்றாக இருக்கலாம், பயப்படக் கூடாது.

பயப்படக் கூடாதாம். சொல்வது சுலபம்.

நானாவைக் கண்டி ஆஸ்பத்திரியில், வார்டிலேயே மறித்துவிட்டார்கள். மச்சி கூட இருக்கிறார்.

ஜனவரி 22, புதன்

பனி விலகிவிட்டது. நேரத்தோடே வெயில்.

கண்டியில் இருந்து கோல். நானாவுக்கு ஒரு குழாயில் பெரிய அடைப்பு, அதை விரித்துக் கம்பி வைத்துவிட்டார்கள். பேசினான்! குரல் மெதுவாக, ஆனால் அவன் குரல். "தங்கச்சி, இங்க தாற சாப்பாட்ட நீ பாக்கணும். உன்ட ஓட்ஸ் பரவாயில்ல." போனைக் கையில் வைத்துக்கொண்டு குசினியில் உட்கார்ந்து அழுதேன். குளிசை வாழ்நாள் முழுக்க. இருக்கட்டும், வாழ்நாள் இருந்தால் போதும்.

கடையில் மிளகு கொண்டுவந்தவர்கள் காத்திருக்கிறார்களாம், முதலாளி வந்தபிறகே அவிழ்ப்போம் என்று. மச்சம் போன கதை ஊருக்கே தெரியும், அப்படியிருந்தும்.

இன்றைக்குச் சப்னாவுக்கு இரத்தம் எடுக்கும் நாள். நேற்று இரவு சாப்பிட்டதுதான். "தண்ணி மட்டும் குடிக்கலாம் தானே? டொபி ஒண்டும் ஏலாதா?" ஏலாது.

உடுப்பு மாற்றிக்கொண்டிருக்கும்போது உம்மா கூப்பிட்டார். வெள்ளிக்கிழமைகூட இல்லை. பிள்ளையை ஜன்னலடிக்குக் கொண்டுபோய், நாடியைப் பிடித்து, வெயிலுக்குத் திருப்பினார். ஒரு கண். மற்றக் கண். திரும்ப முதல் கண்.

"இல்ல. ஒண்டும் இல்ல. அல்ஹம்துலில்லாஹ், சுத்தமா இரிக்கு." என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியா? புள்ள அவட வாப்பாட பக்கம். நான் அப்பவே சொன்னேன் தானே!"

உம்மா சிரித்து எத்தனை நாள். டொக்டர் சொன்னதை நான் அவருக்குச் சொல்லவில்லை. என் வாயால் வரவில்லை.

சப்பாத்து வாரைப் பூட்டிவிடும் சாக்கில் சப்னாவின் காலடியில் குனிந்து, குதிகாலுக்கு மேல் இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தேன். மேலும் கீழும் தடவினேன். டொக்டர் செய்தது போலவே. தடிப்பா, இல்லையா, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"உம்மா, விடுங்க, கூசுது!" என்று பிள்ளை சிரிக்கிறது. வெளியே த்ரீவீல் ஹோர்ன் அடிக்கிறது.